மாஹேயில் ஒரு தவளை நடை: போகலாமா, என்ன கிடைக்கும்?

சீஷெல்ஸுக்கு வருகிறவர்கள் கடற்கரையில் இரண்டு நாள் கிடப்பார்கள். பிராலின் தீவுக்குப் போய் வாலே தெ மே காட்டில் இரட்டைத் தேங்காய் மரத்தின் கீழே நின்று போட்டோ எடுப்பார்கள். அத்தோடு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அதெல்லாம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் இந்த நாட்டில், உலகத்தில் வேறெங்கும் கிடைக்காத ஒன்று மாஹே தீவின் நடுமலையில் இருக்கிறது. அதைப் பார்க்க ஆள் கூட்டிப்போகிற ஒருவரைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

மோர்ன் பிளாங் மலைப் பாதையில் தவளை பார்க்கும் நடை. ஆளுக்கு 900 சீஷெல்ஸ் ரூபாய்; நம்ம ஊர்ப் பணத்தில் ஐயாயிரத்துக்கு மேல். ஒரு நேரத்தில் நாலு பேர்தான், அதற்கு மேல் ஒருத்தரைக்கூடச் சேர்க்க மாட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பி இருட்டிய பின் திரும்புவது. வண்டி, ரெயின்கோட், தலையில் மாட்டும் லைட், ஒரு ஃபிளாஸ்க் டீ எல்லாம் அதில் அடக்கம். ஜனவரியில் தங்கச்சியும் மாப்பிள்ளையும் வத்திராயிருப்பிலிருந்து வந்திருந்தபோது, நானும் என் மனைவியும் அவர்களோடு போனோம்.

போகலாமா என்றால், கட்டாயம் போகலாம். ஆனால் என்ன எதிர்பார்த்துப் போகிறோம் என்பது முக்கியம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கூட்டிப்போகிறவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இந்தத் தீவிலேயே பிறந்தவர். பெயரையும் போன் நம்பரையும் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வாரத்தில் இரண்டு நாள் மட்டும்தான் மலைக்கு ஆள் கூட்டிப்போகிறார். கூட்டம் கூடினால் பாதை அகலமாகும், பாதை அகலமானால் ஓரத்துச் சருகு காயும், சருகு காய்ந்தால் தவளை இருக்காது என்கிறார். தன் தொழில் பெருகாமல் இருக்க இவ்வளவு அக்கறை எடுக்கிற ஆளை நான் வியாபாரத்தில் பார்த்ததில்லை. தலைநகர் விக்டோரியாவில் சின்னத் தங்குமிடம் நடத்துகிறவர்களிடம் 'க்ராப்போ (தவளை) காட்டுகிறவர்' என்று கேளுங்கள், சொல்லிவிடுவார்கள்.

விக்டோரியா நவசக்தி விநாயகர் கோயில் வாசலில் எங்களை ஏற்றிக்கொண்டார். சான் சூசி ரோடு வளைந்து வளைந்து ஏறி, மறுபக்கம் இறங்கும் இடத்தில் டீ ஃபேக்டரி வரும். அதன் பக்கத்தில் ஒரு ஓரத்தில் வண்டியை நிறுத்தினார். நடை உடனே தொடங்கவில்லை. பின்கதவைத் திறந்து இரண்டு பிளாஸ்டிக் டப், கட்டைப் பிரஷ், பழைய டூத்பிரஷ், ஒரு நீள ஆணி, ஸ்பிரே பாட்டில் எல்லாவற்றையும் ஒரு தார்ப்பாயில் எடுத்து வைத்தார். "எல்லாரும் ஷூவைக் கழற்றிக் கொடுங்கள்" என்றார்.

மாப்பிள்ளையின் ஷூ மார்கழி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறி இறங்கிய ஷூ. அடிப்பள்ளங்களில் மண் இறுகிக் காய்ந்து கிடந்தது. கூட்டிப்போகிறவர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். எங்கே போட்டு நடந்தது என்று கேட்டார். சொன்னோம். மடியில் வைத்துக்கொண்டு ஆணியால் ஒவ்வொரு பள்ளமாக நோண்ட ஆரம்பித்தார். உதிர்ந்த மண் ஒரு பொட்டுகூடத் தரையில் விழவில்லை. எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு முடிச்சுப் போட்டு வண்டிக்குள் வைத்தார். பிறகு சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டார். தையல் ஓரங்களுக்கு டூத்பிரஷ். அதன் பிறகு இரண்டாவது டப்பில் கிருமிநாசினித் தண்ணீர், அதில் அடியை ஊறவைத்தார். லேஸையும் விடவில்லை. பேண்ட் மடிப்பை உதறச் சொன்னார். என் மனைவியின் கைத்தடி முனைக்கும் ஸ்பிரே.

மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. "மச்சான், மலைக்கோயிலுக்குப் போயிட்டு வந்த ஷூ இது. இவரு என்னத்தைத் தேடுறாரு?" என்றார் என்னிடம் மெதுவாக. நான் அதை அப்படியே கேட்டேன். கழுவிக்கொண்டேதான் பதில் சொன்னார்.

கைட்ரிட் என்று ஒரு பூஞ்சை. தவளையின் தோலைப் பிடிக்கும். தவளை தோலால்தான் தண்ணீர் குடிக்கிறது, உடம்பின் உப்புச் சத்தைச் சரிக்கட்டுகிறது, பாதி மூச்சும் அதன் வழிதான். தோல் தடித்துப்போனால் உப்பு குறைந்து இதயம் நின்றுவிடும். உலகம் முழுக்கக் குறைந்தது 501 இனங்கள் இதனால் சரிந்திருக்கின்றன, அவற்றில் 90 இனங்கள் அழிந்தே போயின என்று 2019-இல் கணக்கிட்டார்கள். ஈர மண்ணிலும் தண்ணீரிலும் இதன் வித்து தொற்றிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போகும். மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் இந்தப் பூஞ்சை இருப்பது 2013-இல் பதிவாகியிருக்கிறது. மாப்பிள்ளையின் ஷூவில் இருந்தது அந்த மலையின் மண்.

சின்னத் தீவில் இது நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவர் சொன்ன உதாரணம் கரீபியன் கடலில் இருக்கும் டொமினிக்கா. அங்கே மலைக்கோழி என்று பெயர் வைத்து விரும்பிச் சாப்பிட்ட ஒரு பெரிய தவளை உண்டு. அப்போது நாட்டின் தேசிய உணவே அதுதான். 2002-இல் பூஞ்சை வந்து சேர்ந்தது. ஒன்றரை வருஷத்துக்குள் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் காலி. அந்தத் தவளை மிச்சமிருந்த இன்னொரு தீவு மான்செராட். 2009-இல் அங்கேயும் பூஞ்சை போய்விட்டது. பிழைத்திருந்தவற்றில் 50 தவளைகளைப் பிடித்து விமானத்தில் ஏற்றி ஐரோப்பிய விலங்குக்காட்சிச் சாலைகளில் வைத்து வளர்க்க வேண்டியதாயிற்று. பெரிய நிலப்பரப்பில் ஒரு பள்ளத்தாக்கில் செத்தாலும் அடுத்த பள்ளத்தாக்கில் கொஞ்சம் தப்பிக்கும். தீவில் அடுத்த பள்ளத்தாக்கு என்பதே ஒன்றோ இரண்டோதான். அதற்கப்புறம் கடல். உப்புத் தண்ணீரில் தவளையால் ஓட முடியாது.

சீஷெல்ஸுக்கு இந்தப் பூஞ்சை இன்னும் வந்ததாகத் தெரியவில்லை. இங்கேயுள்ள தவளைகளையும், மண்புழு போலிருக்கும் அவற்றின் சொந்தமான சிசிலியன்களையும் பஞ்சுக்குச்சியால் தடவிப் பரிசோதித்துப் பார்த்து, எதிலும் இல்லை என்று 2015-இல் வெளியிட்டார்கள். உலகில் இப்படிச் சொல்லக்கூடிய இடங்கள் குறைவு. அந்த ஒரு 'இல்லை'யைக் காப்பாற்றத்தான் இவர் ரோட்டோரத்தில் உட்கார்ந்து ஆணியால் ஷூ நோண்டுகிறார். நான் இந்தச் சேவைக்குக் கொடுத்த காசில் பாதிக்கு மேல் இந்த வேலைக்கே தகும் என்று நினைக்கிறேன். அரை மணி நேரம் பிடித்தது. எரிச்சலாக இருந்தாலும் அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

நடை பற்றிச் சொல்கிறேன். மோர்ன் பிளாங் 667 மீட்டர். பாதை குட்டை, ஆனால் செங்குத்து. பழைய தேயிலைச் செடிகள் மரமாகி நிற்பதற்கு நடுவே ஏறத் தொடங்கும். கொஞ்ச தூரத்தில் பட்டைக் காடு. நாம் பிரியாணிக்குப் போடும் அதே பட்டை மரம். 18-ஆம் நூற்றாண்டில் வாசனைப் பயிர் தோட்டம் போடுவதற்காகப் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்தது. பழத்தைத் தின்ற பறவைகள் விதையை மலை முழுக்க எச்சமிட்டுவிட்டன. இன்றைக்கு மாஹேயின் நடுமலையில் எங்கே திரும்பினாலும் பட்டைதான். உள்ளூர் மரங்களை அது நெருக்கிவிட்டது. ஆனாலும் இந்தக் காட்டை ஒரேயடியாக வெட்டித் தள்ளக் கூடாது என்கிறார் நம்ம ஆள். நிழல் போனால் தரை காய்ந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அந்த இடத்தில் உள்ளூர்ப் பனை வகைகளையும் கப்புசின் மரத்தையும் நட்டு வளர விட வேண்டும். களை எடுப்பதிலேயே இவ்வளவு நிதானம் வேண்டியிருக்கிறது என்பது எனக்குப் புதுச் செய்தி.

ஏற ஏற மேகம் உள்ளே வந்துவிடும். மரத்தண்டெல்லாம் பாசி. இந்த ஈரம்தான் தவளைக்கு உயிர். இங்கே ஒரு இடத்தில் எங்களை உட்காரவைத்தார். பேச்சு கிடையாது, போன் கிடையாது, லைட் கிடையாது. பத்து நிமிஷம் காதை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளச் சொன்னார். முதலில் பூச்சிச் சத்தம்தான் கேட்டது. பிறகு அதற்குள்ளே மெல்லிய ஒற்றைக் கீச்சு ஒன்று தனியாகப் பிரிந்தது. ஒன்று இடப்பக்கம், பதிலுக்கு ஒன்று பின்னால், அப்புறம் ஐந்தாறு. நாங்கள் உட்கார்ந்திருந்த பாறையைச் சுற்றிக் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தன. ஒன்றும் கண்ணுக்குப் படவில்லை.

கார்டினர் தவளை. வளர்ந்ததே ஒரு சென்டிமீட்டர்தான், கூடினால் ஒன்றேகால். அவர் முழங்காலில் குனிந்து, சருகில் கை வைக்காமல், மூங்கில் குச்சியால் ஒரு இலையின் ஓரத்தை மட்டும் லேசாகத் தூக்கிக் காட்டினார். அடியில் ஈரமான பழுப்பு இலை மேல் பழுப்புப் புள்ளி ஒன்று. லென்ஸைக் கொடுத்த பிறகுதான் முன்கால், பின்கால், பக்கவாட்டில் ஓடும் கருங்கோடு, கண்ணில் செம்பு நிறம் எல்லாம் தெரிந்தது. தொண்டை அடித்துக்கொண்டே இருந்தது. என் சுண்டுவிரல் நகத்தின் மேல் உட்கார்ந்தால் நகமே கொஞ்சம் மிச்சமிருக்கும். தங்கச்சி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, "அண்ணே, இதுக்கு உள்ள இதயம், குடல், எலும்பு எல்லாம் இருக்கா?" என்றாள். இருக்கிறது. இல்லாதது நடுக்காது மட்டும். செவிப்பறையும் இல்லாத இந்தத் தவளை எப்படிக் கேட்கிறது என்று ரொம்ப நாள் குழம்பினார்கள். 2013-இல் எக்ஸ்ரே படங்களை வைத்து ஒரு ஆய்வுக் குழு விடை சொன்னது: அதன் வாய்க்குழி அதன் சொந்தக் குரலின் சுருதிக்கு அதிர்கிறது, அந்த அதிர்வு உட்காதுக்குப் போகிறது. வாயால் கேட்கிற தவளை. இது தண்ணீரில் முட்டையிடுவதும் இல்லை. மண்ணில் இட்ட முட்டையிலிருந்து தலைப்பிரட்டை வராது, நேரே குட்டித் தவளை வரும்.

இலையை மறுபடி அதே இடத்தில், அதே பக்கம் இறக்கி வைத்தார். ஒரு நடைக்கு மூன்று இலை, ஒரு கட்டை. அதற்கு மேல் எதையும் புரட்ட மாட்டார். முந்தின நாள் வந்தவர்கள் பார்த்த இடத்துக்கு எங்களைக் கூட்டிப்போகவும் இல்லை.

இரண்டாவது இலைக்கு அடியில் எங்களுக்குப் பெரிய அதிர்ஷ்டம். சீஷெல்ஸ் தவளை, பெண். கார்டினரைவிடப் பெரிது, இரண்டு சென்டிமீட்டர் சொச்சம். முதுகில் ஏதோ சேறு அப்பியிருப்பது போலத் தெரிந்தது. லென்ஸில் பார்த்தால் அவ்வளவும் தலைப்பிரட்டைகள். நெருக்கியடித்து முதுகு முழுக்க ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் வாலை அசைத்து இடம் மாறிக்கொண்டது. இந்த இனத்தின் பெண் ஈரத் தரையில் முட்டையிட்டுக் கூடவே காவல் இருக்கும். பொரித்து வந்ததும் தலைப்பிரட்டைகள் அதன் முதுகில் ஏறிக்கொள்ளும். எதுவும் சாப்பிடாமல், பிறக்கும்போது கொண்டுவந்த மஞ்சள் கருவை வைத்தே கால் முளைத்து, வால் உதிர்ந்து, தவளையாகி இறங்கும். ஓடையும் குளமும் இல்லாத செங்குத்து மலையில் வாழக் கண்டுபிடித்த வழி அது. அதற்கு இருக்கும் ஒரே நிபந்தனை, தரை ஈரமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது இலையில் ஒன்றுமில்லை. கட்டைக்கு அடியில் கருநீலத்தில் மண்புழு போல ஒன்று நெளிந்தது. மண்புழு இல்லை, அது சிசிலியன். காலில்லாத நீர்நில வாழ்வன. தவளைக்குச் சித்தப்பா மகன் முறை. சீஷெல்ஸில் இதில் பல இனங்கள் உண்டு, 2017-இலும் 2018-இலும்கூடப் புதிதாகக் கண்டுபிடித்துப் பெயரிட்டார்கள். இத்தனை சின்ன நாட்டில், இத்தனை காலம் ஆராய்ந்த மலையில், இன்னும் புது இனம் கிடைக்கிறது.

இங்கேதான் எங்கள் ஊர்ப் பேச்சு வந்தது. கார்டினர், சீஷெல்ஸ் தவளை, பாறையிடுக்கில் வாழும் தொமாசே தவளை, சிலுவெட் தீவில் மட்டும் பனையோலைக் கக்கத்தில் வாழும் பனைத் தவளை ஆகிய நாலும் ஒரே குடும்பம். இந்த நாலைத் தவிர அந்தக் குடும்பத்தில் ஆளே இல்லை. உலகத்தில் இவற்றுக்கு மிக நெருங்கிய சொந்தம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் ஊதாத் தவளை. 2003-இல் கேரளத்திலிருந்து அதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். வருஷம் முழுக்க மண்ணுக்கடியில் இருந்து, மழைக்குச் சில நாள் மட்டும் மேலே வரும் தவளை. அதன் இரண்டாவது இனத்தை 2017-இல் விவரித்தது எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையிலிருந்து. கோவை சாலிம் அலி மையத்தில் வேலை பார்த்து, 2014-இல் மலையில் களப்பணியின்போது இறந்துபோன ஆய்வாளர் பூபதி அவர்களின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

சீஷெல்ஸின் கருங்கல் தீவுகள் இந்தியாவோடு ஒட்டியிருந்த நிலத்தின் துண்டு. சுமார் ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன் பிரிந்தது. இந்தியத் தட்டு வடக்கே போனது, இந்தத் துண்டு கடல் நடுவே நின்றுவிட்டது. தவளைகள் தாங்கள் இருந்த நிலத்தோடே இருந்துவிட்டன. வத்திராயிருப்பிலிருந்து வந்த எங்களுக்கு அந்தப் பாறையில் உட்கார்ந்து இதைக் கேட்டபோது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை அதற்கப்புறம் ஷூவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது ஒரு சேற்றுக் குழியைத் தாண்டாமல் சுற்றிப் போனார்.

நிலவரம் என்ன என்று கேட்டால் நன்றாக இல்லை. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் தொமாசே தவளையும் பனைத் தவளையும் மிக மோசமான கட்டத்தில், மற்ற இரண்டும் அதற்கு ஒரு படி கீழே. கொத்துக் கொத்தாகச் செத்துக் கிடக்கிறது என்று அர்த்தமில்லை. மோர்ன் பிளாங்கில் கார்டினரின் குரல் இன்னும் தாராளமாகவே கேட்கிறது. சிக்கல் இடத்தில் இருக்கிறது. மாஹேயின் உச்சியே 905 மீட்டர். வெயில் கூடி, மேகம் மேலே ஏறினால் தவளையும் கூடவே ஏற வேண்டும். கொஞ்ச தூரத்தில் மலை முடிந்துவிடும். மோர்ன் சேஷெல்வா தேசியப் பூங்கா 1979-இலிருந்து இருக்கிறது, மாஹேயில் ஐந்தில் ஒரு பங்கு நிலம் அதற்குள் வருகிறது, சிலுவெட் தீவும் 2010-இல் தேசியப் பூங்காவானது. பூங்கா எல்லை மரம் வெட்டுகிறவனைத் தடுக்கும். மஞ்சள் பைத்திய எறும்பையும், மடகாஸ்கரிலிருந்து வந்து தரையைக் கிளறித் தின்னும், முள்ளெலி போன்ற டென்ரெக்கையும் தடுக்காது. பிராலின் தீவில் இந்தக் குடும்பத்துத் தவளை இருப்பதே 2012-இல்தான் வெளியானது. அது மாஹே, சிலுவெட் தவளைகளிலிருந்து மரபணுவில் வேறுபட்ட கிளை. அதனால் ஒரு தீவில் அழிந்தால் இன்னொரு தீவிலிருந்து கொண்டுவந்து விட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கும் உதவாது.

எனக்கு இதில் இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. நான் விக்டோரியாவில் மளிகை மொத்த வியாபாரக் கடையில் கணக்கும் இறக்குமதிச் சரக்கும் பார்க்கிறேன். அரிசி, வெங்காயம், பருப்பு எல்லாம் கண்டெய்னரில் வருகிறது. அதைச் சொன்னதும் அவர் நின்றுவிட்டார். மடகாஸ்கரின் துவாமசீனா துறைமுகப் பக்கம் 2014-இல் ஆசியத் தேரை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள், தெரியுமா என்றார். கண்டெய்னரில் வந்தது என்றே நம்பப்படுகிறது. நம்ம ஊரில் மழைக்குத் தெருவிளக்கு அடியில் உட்கார்ந்திருக்குமே, அதே தேரை. அங்கே அது பெருகிவிட்டது. அதன் தோல் விஷத்தைத் தாங்க மடகாஸ்கர் விலங்குகள் பழகவில்லை. சீஷெல்ஸுக்கு ஒரு தேரை வந்தாலும் கூடவே பூஞ்சையும் வரலாம். இப்போது எங்கள் கிடங்கில் கண்டெய்னர் திறக்கும்போது மூலைகளிலும் மரப்பலகை அடியிலும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மூட்டை இறக்கும் பையன்களுக்குத் தேரைப் படத்தைக் காட்டி, பார்த்தால் வெளியே விரட்டாதே, கதவைச் சாத்திவிட்டுக் கூப்பிடு என்று சொல்லி வைத்திருக்கிறேன். முதலாளியும் சரி என்றுவிட்டார். இங்கே சரக்குத் தொழிலில் இருக்கும் தமிழர்கள் இதைப் படித்தால் நீங்களும் செய்யுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

குறைகளும் உண்டு. பேச்சு வேகம் அதிகம். ஆங்கிலத்தில் தொடங்கிப் பாதியில் கிரியோலுக்குப் போய்விடுகிறார். எனக்குப் பழக்கம், தங்கச்சிக்கு நான் நடுவே சொல்லிக்கொண்டே வர வேண்டியிருந்தது. கொடுக்கும் ரெயின்கோட் எல்லாம் ஒரே அளவு, உயரம் குறைந்தவர்களுக்குக் காலில் தட்டுகிறது. டீயோடு கடிக்க ஏதாவது வைத்திருக்கலாம். நாங்கள் கொண்டுபோன முறுக்கையும், துகள் சிந்தும் என்று வண்டியில் வைத்தே சாப்பிடச் சொன்னார். உச்சிக்குக் கூட்டிப்போக மாட்டார். மேலே நின்றால் மேற்குக் கடற்கரை முழுக்கத் தெரியும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் காலையில் தனியாகப் போய்க்கொள்ளுங்கள், பாதை தெளிவாக இருக்கிறது. பத்து வயதுக்குக் கீழே குழந்தைகளைச் சேர்ப்பதில்லை. இது எனக்கு உடன்பாடில்லை. ஆறு வயதுப் பிள்ளை அந்தத் தவளையைப் பார்த்தால் வாழ்க்கை முழுக்க மறக்காது. கீழ்ப்பாதையில் குட்டி நடை ஒன்றாவது வைக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசிக்கிறேன் என்றார்.

போட்டோ விஷயத்தில் கண்டிப்பானவர். ஃபிளாஷ் கூடாது, ஒரு தவளைக்கு ஒருவர் இரண்டு படம். முதுகில் பிள்ளை சுமந்த தவளையைப் படமே எடுக்க விடவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வருத்தம்தான். ஆனால் கடற்கரை விடுதிகள் வழியாக நடக்கும் வேறொரு மலை நடைக்கு, பெயர் வேண்டாம், என் மனைவியின் தோழிகள் போய்வந்தார்கள். அங்கே கட்டைகளைக் காலால் புரட்டி, தவளையைக் கையில் பிடித்து, கொசு மருந்து தடவிய உள்ளங்கையில் வைத்துச் சுற்றிலும் காட்டியிருக்கிறார்கள். ஷூ கழுவும் பேச்சே இல்லை. அதன் கட்டணம் இதைவிடக் குறைவு, படங்களும் அழகாகவே வந்திருக்கின்றன. அந்தப் படங்களைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. தோலால் குடிக்கிற உயிரின் மேல் கொசு மருந்து பட்டால் என்ன ஆகும் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

இருட்டிய பிறகு இறங்கி, போர்ட் குளோ பக்கம் ஒரு ஓடைக்குக் கூட்டிப்போனார், மரத்தவளை பார்க்க. பச்சை நிறத்தில் பெரிய தவளை, பெண்தான் பச்சை, ஆண் பழுப்பு. இதன் சொந்தம் மடகாஸ்கரில். எப்போதோ கடலில் மிதந்த மரங்களோடு வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். எங்களுக்குக் கிடைக்கவில்லை. வயலோரத்தில் மஸ்கரேன் தவளையின் சத்தம்தான் கேட்டது. கிடைக்காததற்குக் காசு குறைப்பதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறார். திரும்பி வண்டிக்கு வந்ததும் மறுபடி டப், பிரஷ், கிருமிநாசினி. ஒரு ஓடையின் சேறு இன்னொரு ஓடைக்குப் போகக் கூடாதாம்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். டிசம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம், அப்போதுதான் போக வேண்டும். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் காற்றும் வறட்சியும். அந்த மாதங்களில் முன்பதிவே வாங்குவதில்லை. அன்றைக்குக் காலை வரை இரண்டு நாள் மழை இல்லையென்றால் அவரே ரத்து செய்துவிட்டு வேறு தேதி தருவார், அதனால் பயணத்தின் கடைசி நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். அடிப்பள்ளம் ஆழமில்லாத ஷூ கொண்டுவந்தால் கழுவும் நேரம் மிச்சம். ஊரில் காடு, வயல், கோயில் மலை என்று எங்கே போட்டு நடந்திருந்தாலும், கிளம்பும் முன் அங்கேயே கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பெட்டியில் வையுங்கள். காய்ந்தால் அந்தப் பூஞ்சை தாங்காது. கொசு மருந்தைக் கையில் தடவ வேண்டாம், முழுக்கைச் சட்டை போதும். பத்து மடங்கு லென்ஸ் சொந்தமாக இருந்தால் எடுத்து வாருங்கள், அவரிடம் இருப்பது ஒன்றே ஒன்று, நாலு பேர் மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குள் தவளை நகர்ந்துவிடுகிறது. பணம் ரொக்கமாக, சீஷெல்ஸ் ரூபாயில். கார்டு வாங்குவதில்லை.